தலைவரைத் தாண்டாத சேனல்கள்

பேரூராட்சித் தலைவர் விருத்தகிரிக்குக் கேபிள்காரரோடு சண்டை. அதனால் மொட்டைமாடியில் ஆன்டெனா மாட்டி, அலுவலகக் கணினியிலேயே அத்தனை சேனல்களும் தெரிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். மாட்டிக்கொண்டவள் தற்காலிக ஊழியர் செங்கமலம். அவள் எத்தனை முறை சேனல்களைத் தேடவிட்டாலும் கணினி கையை விரித்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் மலைப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, ஆன்டெனாவுக்கு நேர் முன்னால் தலைவரின் தகரக் கட்அவுட் கும்பிட்டபடி நின்றது. அதைக் கழற்றச் சொன்ன காவலாளிக்குப் போன மாதமே வேலை போயிற்று. இந்த நாட்டில் தகரத்துக்கு இருக்கும் மரியாதை தாகத்துக்கு இல்லை.

குடிதண்ணீர் கேட்டுக் காலிக் குடங்களோடு பெண்கள் நின்றிருந்த கூடத்தில் தலைவர் செங்கமலத்தைப் பார்த்துக் கத்தினார்: "சாயங்காலத்துக்குள்ள அத்தனை சேனலும் வரலேன்னா, நாளைக்கு நீ வராதே!"

"எல்லாச் சேனலும் வாசல் வரைக்கும் வந்துடுச்சுங்க, தலைவரே. மாடியில நீங்க நிக்கறதைப் பாத்துட்டு, தாண்டி உள்ள வர அதுகளுக்குப் பயம். நீங்களே கொஞ்சம் வழிவிட்டாத்தான் உண்டு."

தலைவருக்குப் பெருமையில் மீசை துடித்தது. "பயப்படாம வரச் சொல்லு! டேய், மாடிக்குப் போய் என்னைக் கொஞ்சம் சாய்ச்சு வைங்கடா!"

ஆட்கள் ஓடிப்போய்க் கட்அவுட்டைச் சாய்த்தார்கள். செங்கமலம் மறுபடி தேடவிட்டாள். சேனல்கள் வரிசையாக வந்து விழுந்தன.

முன்னால் நின்ற பெண் காலிக் குடத்தை நங்கென்று தரையில் வைத்தாள்.

"கண்ணு, அப்படியே குழாயில தண்ணி வர்றதுக்கு யாரைச் சாய்க்கணும்னு தேடிச் சொல்லு."