பேசாத நாலு தராசு

எங்கள் தேயிலை ஆலையில் எட்டு மின்தராசுகளின் வயர்களும் கணினியில் இருந்த ஒரே சீரியல் கார்டின் எட்டு போர்ட்களில்தான் செருகியிருக்கும். லினக்ஸில் அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் போட்டவர் சென்னை என்ஜினீயர் சந்தானகோபாலன். முதல் நாலு தராசுகளின் எடை திரையில் வந்தது. மற்ற நாலும் ஊமை.

"உன் வயரிங் குப்பை! இன்னிக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ" என்று மூன்றாம் நாளும் என்ஜினீயர் கத்தினார்.

வயர்மேன் பெள்ளிராஜுக்கு அலுத்துவிட்டது. "எந்த வயர் குப்பைன்னு, இதோ உக்காந்திருக்கிற மேனேஜர் ஐயா முன்னால சொல்லுங்க சார்."

"கடைசி நாலு போர்ட்ல இருக்கிறது. முதல் நாலும் சுத்தம்."

"காலையிலேயே முதல் நாலையும் கடைசி நாலையும் இடம் மாத்தி மாட்டிட்டேங்க. நீங்க மூணு நாளா திட்டின வயருங்கதான் இப்போ முதல் நாலு போர்ட்ல சுத்தமா பேசுது. லினக்ஸ் கிளம்பும்போதே நாலு போர்ட்னு திரையில காட்டுது; உங்க டிரைவர் செட்டிங்ல அதை எட்டுன்னு மாத்தணும். நீங்க செய்யறீங்களா, நான் செய்யட்டுமா?"

மேனேஜர் எழுந்தார். "நீயே செய் பெள்ளி. சார் பஸ்ஸைப் பிடிக்கட்டும்."