பொட்டு அழிந்த தூதன்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கும் செல்களுக்கெல்லாம் வாய் இருந்தது. உப்பளத்தில் கூடை சுமக்கும் ஒருவருடைய தோளில், தோலோடு தோலாக, மாடத்தி என்றொரு செல் குடியிருந்தாள்.

ஒவ்வொரு செல்லுக்கும் நடுவே உட்கரு என்று ஓர் உள்ளறை உண்டு. அங்கிருந்து கட்டளையைச் சுமந்துகொண்டு தூதன் வருவான். ஆர்.என்.ஏ என்று இப்போது சொல்கிறோமே, அவன்தான். கிளம்பும்போது வாசலில் இருக்கும் பொட்டுக்காரி அவன் நெற்றியில் மெத்தில் என்ற ரசாயனத்தால் பொட்டு வைத்து அனுப்புவாள். பொட்டோடு வந்தவன் சொன்னால் மறுபேச்சில்லை. பொட்டில்லாதவனை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நின்ற இடத்திலேயே கரைந்துபோவான்.

ஒரு கோடையில் வெயில் மாடத்தியின் உள்ளறையைக் கருக்கிவிட்டது. உள்ளறை கெட்ட செல் இருக்கக் கூடாது என்பது விதி. தூதன் வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது, சாகச் சொல்லத்தான் வந்திருக்கிறான்.

“வாங்கண்ணே, என்ன இப்படி வேர்த்துக் கெடக்கு” என்று முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். பொட்டும் போயிற்று. பாவம், வாய் திறப்பதற்குள் கரைந்துவிட்டான்.

சாவுக்குத் தப்பிய மாடத்தி இரண்டானாள், நாலானாள். அவள் மக்களும் வருகிற தூதனையெல்லாம் துடைத்தே தீர்த்தார்கள். தோளில் கட்டி எழும்பியது.

“ஏட்டி மாடத்தி, நீ வாழ்றதுக்கு நாங்க மூச்சு முட்டிச் சாகணுமா?” என்றாள் பக்கத்துச் செல் இசக்கி.

“உனக்கென்ன, உன்னையா கூப்பிடுதாக? எனக்குப் பயமா இருக்குட்டி.”

“பயம் எல்லாருக்குந்தான். இந்த மனுசன் விழுந்துட்டா நீ எங்கட்டி குடியிருப்ப?”

அடுத்த தூதன் வந்தபோது மாடத்தியின் கை பழக்கத்தில் முந்தானைக்குப் போனது. பிறகு இறங்கியது. “சொல்லுங்கண்ணே.”

“உழைச்சது போதும் தாயி. எறங்கிக்கோ.”

“இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தனை நாளும் ஒறங்காமக் கெடந்தேன்!”

சிரித்தாள். சிரித்தபடியே சருகாய்ச் சுருங்கி உதிர்ந்தாள். அதைப் பார்த்த மக்களும் முந்தானையைக் கீழே விட்டார்கள். கட்டி வற்றியது. உப்பளத்துக்காரர் தோளைத் தட்டிவிட்டு, “அப்பாடா” என்று கூடையைத் தூக்கினார்.

இன்றும் எங்காவது ஒருத்தி பயந்துபோய்ப் பொட்டைத் துடைத்தால் அங்கே புற்று வைக்கிறது. மற்றவர்கள் அப்படியில்லை. அன்று முதல்தான் செல்கள், தூதன் சொன்னதும், பக்கத்துவீட்டுக்கு மூச்சு விட இடம் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உதிர்கின்றன.