சர்க்கரைத் தண்ணீர்

"ஜமாலை அனுப்பிருங்க மேடம். இல்லன்னா நான் போறேன்."

செண்பகவல்லி டீச்சர் நின்றுகொண்டே சொன்னார். நாற்பத்தெட்டு வயதில், கல்லூரி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டியான மெர்சி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆகவே குரு சிஷ்யையை டீச்சர் என்பார், சிஷ்யை குருவை மேடம் என்பார். அந்த ஆய்வகத்தில் யாரும் இதைக் கேட்டுச் சிரிப்பதில்லை.

"என்ன ஆச்சு டீச்சர்?"

"டி.ஏ.பி. போட மறந்துட்டார்."

உரக்கடையில் மூட்டையாகக் கிடைக்கிற டி.ஏ.பி. இல்லை இது. பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ளத் தேவையான ஓர் அமினோ அமிலம். டீச்சரின் பாக்டீரியாவுக்கு அதைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. நாம்தான் ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் சுவர் இளகி, வெளித்தண்ணீர் உள்ளே பாய்ந்து வெடித்துவிடும். நேற்று வெடித்துவிட்டது. மாதக்கணக்கில் விடாமல் வளர்த்து வந்த தலைமுறை வரிசை அதோடு போனது. டீச்சரின் விடுப்பும் முடியப் போகிறது.

ஆய்வக உதவியாளர் ஜமாலின் மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அது டீச்சருக்கும் தெரியும். தெரிந்ததால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை, அதனாலேயே கோபம் இரண்டு மடங்காகியிருந்தது.

"மனுசன்னா கொஞ்சம் திடமா இருக்க வேண்டாமா மேடம்? யார் வீட்லதான் சாவு விழல?"

மெர்சி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ரெண்டு குடுவை எடுங்க டீச்சர். என்கிட்ட இருக்கிற அதே வகை பாக்டீரியாவ ரெண்டுலயும் விடுங்க. டி.ஏ.பி. எதுலயும் வேண்டாம். ஒண்ணுல மட்டும் தாராளமா சர்க்கரை போடுங்க."

டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

மாலையில் நுண்ணோக்கியில் கண் வைத்தார். முதல் குடுவையில் சிதறிய துணுக்குகள் தவிர ஒன்றுமில்லை. சர்க்கரைக் குடுவையில், குச்சி குச்சியாய் இருக்க வேண்டியவை உருண்டை உருண்டையாய் நின்றன.

"உயிரோட இருக்கே! சுவரே காணோமே மேடம்?"

"ஆமா, இல்ல."

"அப்புறம் எப்படி?"

"சர்க்கரை இருக்கிறதால வெளித்தண்ணி உள்ள பாயல. அவ்வளவுதான்."

டீச்சர் கண்ணை எடுக்கவில்லை. தொட்டால் உடைந்துவிடும் போலிருந்தன அவை. பாவமாக இருந்தது. ஒரு கிருமியைப் பார்த்துப் பாவப்படுவது அவருக்கே புதிது.

"இப்ப டி.ஏ.பி. குடுத்தா சுவர் திரும்ப வருமா?"

"சிலதுக்கு வரும். மெதுவா."

"அதுவரைக்கும் வேற குடுவைக்கு மாத்தலாமா?"

"வெறும் தண்ணிக்கு மாத்தினா செத்துரும்."

பக்கத்து அறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கழுவிய குடுவையையே ஜமால் மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"என் வேலை என்னாகும் மேடம்?" டீச்சரின் குரல் உடைந்தது.

"முதல்லருந்து ஆரம்பிப்போம். நானும் கூட உக்காந்து பண்றேன்."

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

"சுவர் வர எத்தனை நாளாகும்?"

"அது பாக்டீரியாவோட வேலை டீச்சர். சர்க்கரை குறையாமப் பாத்துக்கிறதுதான் நம்ம வேலை."

டீச்சர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். "சாப்பிட்டீங்களா ஜமால்?" என்று அவர் கேட்பது கேட்டது.

குழாய்ச் சத்தம் நின்றது.