செங்கல் போதாதா?

"அம்மிணி, இந்த வேலைக்கு நான் எதுக்குங்க? ஒரு செங்கல்லத் தூக்கி வெச்சாப் போதாதா?"

கேட்டவர் நாச்சிமுத்து வாத்தியார். தன் பழைய பியட் காரின் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கேள்வி போய்ச் சேர வேண்டியவள் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். பெயர் ருக்குமணி, மெக்கானிக். வயது முப்பத்தாறு. வாத்தியாருக்கு அறுபத்தொன்று. இருந்தாலும் அந்த ஷெட்டில் அவர்தான் மாணவர்.

ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கில் வருசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. வாத்தியாருக்கு அதில் ஒரு முறை ஓட்ட வேண்டும். முப்பது வருசம் அவரைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்த கார் அது. பிறந்த மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். பாவம், நாற்பதைத் தாண்டி அதை அவர் விட்டதே இல்லை. ஒரு நாளாவது ஆசை தீர ஓடட்டுமே என்று நினைத்தார்.

மூன்று ஷெட்டில் சிரித்து அனுப்பிவிட்டார்கள். ருக்குமணி சிரிக்கவில்லை.

"வண்டியக் கொண்டாங்க. கூட நீங்களும் வரோணும்" என்றாள்.

இரண்டு மாதமாக வருகிறார். டயரை அவள் மாற்றினாள். வெடிப்பு விட்ட ரப்பர் குழாய்களை அவள் மாற்றினாள். வாத்தியாருக்குக் கிடைத்த வேலை பிரேக்கை மிதிப்பது.

பிரேக் ஆயில் ஓடும் குழாயில் காற்று இருந்தால் மிதி அமுங்கும், வண்டி நிற்காது. காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். மேலே இருப்பவர் மிதித்துப் பிடித்திருக்க, கீழே இருப்பவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூடுவார். மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

"அழுத்துங்க."

"புடிச்சிருக்கேனுங்க."

"விடுங்க."

நாள் முழுக்க இதே பாட்டு. அதனால்தான் வாத்தியார் செங்கல்லைப் பற்றிக் கேட்டார்.

ருக்குமணி வெளியே வந்தாள். கையைத் துடைத்தாள். மூலையில் கிடந்த செங்கல்லை எடுத்துவந்து பிரேக் மிதிமேல் வைத்தாள். மறுபடியும் அடியில் போய்ப் படுத்தாள்.

"அழுத்துங்க."

செங்கல் சும்மா இருந்தது.

"புடிச்சிருக்கீங்களா?"

செங்கல் வாயைத் திறக்கவில்லை.

வாத்தியார் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் காலை மிதியில் வைத்தார். எத்தனையோ பிள்ளைகளின் வாயை அடைத்தவர் அவர். அவர் வாயை ஒரு செங்கல் அடைத்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் கடைசிச் சக்கரம், கடைசி மிதி.

வாத்தியாருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கீழே திருகு திறந்திருக்கும்போதே, கண் இமைக்கும் நேரம் கால் மிதியை விட்டு எழும்பிவிட்டது. உடனே அழுத்திக்கொண்டார்.

"புடிச்சிருக்கீங்களா?"

செங்கல் செய்யும் வேலை என்று சொன்னவர் அவர். அதைக்கூடச் செய்யவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"புடிச்சிருக்கேனுங்க" என்றார்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக் வேலை முடிந்தால் முன்கண்ணாடி ஓரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட வேண்டும். அதை ருக்குமணி போட மாட்டாள். மிதித்தவர்தான் போட வேண்டும்.

சாக்பீஸை நீட்டினாள்.

"நாளைக்கு அங்க போய்ப் போட்டுக்கறேனுங்க" என்று வாத்தியார் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் வற்புறுத்தவில்லை. கயிற்றில் காய்ந்த மஞ்சள் துணி ஒன்றை எடுத்து இஸ்திரி போடப் போய்விட்டாள். மாரியம்மனுக்கு வேண்டுதல்போல என்று வாத்தியார் நினைத்தார்.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவர்தானே.

ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் சோதனை நடந்தது. பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்கள். ஹெல்மெட்டைப் பார்த்தார்கள். பிரேக்கை ஒரு முறை மிதித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். கதவில் பதினான்கு என்று நம்பர் ஒட்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி நல்லம்மாள் கட்டுச்சோற்றுப் பையோடு நின்று கையசைத்தாள்.

வரிசையில் அவர் ஐந்தாவது.

எதிரே நீள நெடுகப் பாதை. அது முடியும் இடத்தில் வளைவு. வளைவில் அடுக்கி வைத்த டயர்களுக்குப் பின்னால் யாரோ ஒரு ஆள் நின்றிருந்தார்.

வாத்தியார் சாக்பீஸை எடுத்தார். முப்பத்தொரு வருசம் சாக்பீஸ் பிடித்த கை. கண்ணாடி வரைக்கும் போகமாட்டேன் என்றது.

நான்காவது கார் சீறிக்கொண்டு போனது. "வாங்க, வாங்க" என்று வாசலில் நின்றவர் கைகாட்டினார்.

வாத்தியார் ஸ்டியரிங்கை ஒடித்து வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"பெருசு பயந்துருச்சு" என்று யாரோ சிரித்தார்கள். நல்லம்மாளின் கை அந்தரத்தில் நின்றது.

சாமான் பெட்டியோடு ஓரத்தில் நின்ற ருக்குமணியின் முன்னால் காரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நேத்து கடசி மிதியில கால எடுத்துட்டேனுங்க அம்மிணி. புடிச்சிருக்கேன்னு பொய் சொல்லிட்டேன்."

அவள் ஜாக்கியை எடுத்தாள். திருகில் மாட்டும் பிளாஸ்டிக் குழாயையும், ஆயில் வடியப் பாட்டிலையும் எடுத்தாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"அழுத்துங்க."

"புடிச்சிருக்கேனுங்க."

"விடுங்க."

மூன்றாம் முறை, "எறங்கி வந்து பாருங்க" என்றாள்.

கண்ணாடிபோல் தெரியும் அந்தக் குழாயில் கடுகளவு ஒரு குமிழி நகர்ந்து போனது. அதன் பின்னால் மிளகளவு இன்னொன்று.

"உங்களுக்கு நேத்தே தெரியுங்களா?"

"எனக்கெப்படீங்க தெரியும்? நான் அடியில கெடக்கறேன். உங்க காலு எனக்குத் தெரியாது. நீங்க சொல்றது மட்டுந்தான் கேக்கும்."

பிறகு அவள் எழுந்து, ஆயில் கையோடு அவரைக் கும்பிட்டாள்.

"ரொம்ப சந்தோசமுங்க வாத்தியாரய்யா. நல்லா இருப்பீங்க."

வாத்தியாருக்குக் கூசிப்போனது. "பொய் சொன்னவனுக்கு எதுக்குங்க கும்புடு?"

அவள் நீளப் பாதையின் கடைசியைக் காட்டினாள். டயர் அடுக்குக்குப் பின்னால் நின்ற ஆள் கையிலிருந்த மஞ்சள் துணியை உதறி விரித்தார்.

"அந்த வளைவுல கொடி காட்டறது எங்க வீட்டுக்காரருங்க. சென்னியப்பன்."

வாத்தியார் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. ஐந்தாவதாக நின்றதற்கும், நகராத தன் கைக்கும், வாயைத் திறக்க வைத்த தெய்வம் எதுவோ அதற்கும் மனசார நன்றி சொன்னார். காரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். தப்பு அதன்மேல் இல்லை, அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யத்தான் வந்திருந்தது.

"குழாய் சுத்தமாயிருச்சுங்க. அடுத்த சுத்துக்குக் கூப்புடறாங்க. வட்டத்தப் போட்டுட்டுக் கெளம்புங்க" என்றாள் ருக்குமணி.

வாத்தியார் சாக்பீஸை எடுத்துப் பார்த்தார். பையிலேயே போட்டுக்கொண்டார். சீட்டில் உட்கார்ந்து காலை மிதியில் வைத்தார்.

"இன்னும் ஒருக்கா அழுத்தறேனுங்க அம்மிணி. நீங்க அடியில போங்க."