தீட்டிய அரிசி

“தாயே, சர்க்கரை நோயில் கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். அடுத்தது பாதமாம். ஏதாவது மருந்து கொடுங்கள்.”

ஆவுடையப்பன் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி மடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்த ஒரே அரிசி ஆலை அவருடையது.

“என்ன சாப்பிடுகிறாய்?” மடத்து அம்மை கேட்டாள்.

“என் ஆலை அரிசிதான். ரெண்டு தடவை தீட்டி, மல்லிகைப்பூ மாதிரி.”

“தவிடு?”

“மாட்டுக்கு.”

“மாட்டுக்குக் கால் எப்படி இருக்கிறது?”

அவர் காலிலிருந்த கட்டைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரி மாத்திரையை விடாதே. அரிசியைத் தீட்டாமல் தின்னு. தவிட்டில் இருக்கிற நார், சோறு விறுவிறுவென்று சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறாமல் பிடித்துவைக்கும். மலக்கட்டும் விடும். போன விரல் வராது.”

“தீட்டாமல் அரைத்தால் என் அண்ணன் ஜெயித்துவிடுவான், தாயே.”

ஆலை திறந்த அன்று, ஊரே கூடி நிற்க, அண்ணன் பிச்சையா ஒரு கை அரிசியை அள்ளிப் பார்த்தார். “உசிரையெல்லாம் உரிச்சுப்புட்டியேடா. இது வாய்க்கரிசி போடத்தான் ஆகும்.”

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஆவுடையப்பன் காதை விட்டுப் போகவே இல்லை. அண்ணன் வீட்டில் அதற்குப் பிறகு அவர் கை நனைத்ததில்லை.

“காலே போனாலும் சரி.”

“சரி. இங்கே வந்து கஞ்சி குடி.”

மடத்துக் கஞ்சி செம்மண் நிறத்தில் இருந்தது. தொண்டையை உரசிக்கொண்டு இறங்கியது. முகத்தைச் சுளித்துக்கொண்டே தினமும் வந்து குடித்தார். மாத்திரையும் விழுங்கினார்.

மழைக்காலம் முடிவதற்குள் சர்க்கரை இறங்கியது. புண் காய்ந்தது. பாதம் தப்பியது.

ஒரு காலை, குடித்த கும்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“இது எந்த ஊர் அரிசி?”

“இந்த ஊர்தான். கைக்குத்தல். உன் அண்ணன் கொடுத்துவிடுவது.”

ஆவுடையப்பன் வேலியோரம் ஓடினார். தொண்டையில் விரலை விட்டுக் குமட்டினார். கண்ணில் நீர்தான் வந்தது.

“நான் குடிப்பது அவனுக்குத் தெரியுமா?”

“உனக்கென்றுதான் கொடுத்தான். சொல்ல வேண்டாம் என்றான்.”

“பிறகு ஏன் இன்றைக்குச் சொன்னீர்கள்?”

“விடியற்காலையில் அவன் உயிர் போய்விட்டது. அதைக் கேட்டால் நீ கஞ்சியைத் தொட மாட்டாய். குடித்து முடிக்கட்டும் என்றிருந்தேன்.”

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் வீட்டில் இருப்பதெல்லாம் தவிட்டரிசி” என்றாள் அம்மை. “வாய்க்கரிசிக்கு மட்டும் உன் ஆலை அரிசிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.”

“சாகும்போதுமா குத்திக்காட்டுகிறான்!”

அம்மை கும்பாவை எடுத்துக் கழுவினாள்.

“யார் கொண்டுவர வேண்டும் என்று சொன்னானா?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

அம்மை, அண்ணன் அரிசி காப்பாற்றிய அவருடைய காலைப் பார்த்தாள்.