பம்புக்குத் தண்ணீர் காட்டியவர்

"சாமி, வால்வு நிக்க மாட்டேங்கு."

சுயம்புலிங்கம் மடத்து வாசலில் நின்றபடியே சொன்னார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். அந்த ஊரில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை.

தேரிச் சாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன செய்யுது?"

"மொத ரெண்டு மூணு நாள் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் கசிய ஆரம்பிச்சிருது."

"சரி."

"சரின்னா என்ன சாமி அர்த்தம்?"

"கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம்."

சுயம்புலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குரு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சாமியாரைவிட அவர்தான் வயதில் மூத்தவர். நாகர்கோவில் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் அச்சு வார்க்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீடு அவரைத் துரத்தியது. ஓர் அறையில் மின்விசிறியைப் போடுவார், அடுத்த அறைக்குப் போய் ஜன்னலைத் திறப்பார், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வருவார். இப்படியே நடந்து நடந்து ஒருநாள் பஸ் ஏறி, செம்மண் மேடும் பனையுமாகக் கிடக்கிற இந்தத் தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த அன்றைக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கு சாமி. உபதேசம் வேணும்."

சாமியார் மடத்துக்குக் கீழே தெருவில் இருந்த அடிபம்பைக் காட்டினார்.

"அதுலயும் தண்ணி நிக்க மாட்டேங்கு. அத நிக்க வையும். அப்புறம் வாரும்."

உபதேசம் கேட்டு வந்த மனுஷனைப் பம்பு ரிப்பேருக்கு அனுப்பிய குரு இந்தப் பக்கத்தில் இவர் ஒருவர்தான்.

கல்விளை என்கிற அந்த ஊருக்கு இருந்தது அந்த ஒரு பம்புதான். அதை விட்டால் தேரிக்குள் மணலில் கால் புதையப் புதைய நடந்து போனால் ஒரு கிணறு.

பம்புக்கு அடியில் இருக்கிற வால்வுக்கு வேலை ரொம்பச் சின்னது. தண்ணீர் மேலே வரும்போது திறக்க வேண்டும். வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் ராத்திரி முழுக்கத் தண்ணீர் இறங்கி மண்ணுக்கே போய்விடும். காலையில் அடித்தால் கடக் கடக் என்று வெறும் காற்றுதான் வரும்.

அப்போது மேலே இருந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிக்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போல, கல்விளைக்காரர்கள் அதைப் பம்புக்குத் தண்ணீர் காட்டுவது என்பார்கள்.

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் கடைசியாகத் தண்ணீர் பிடிக்கிறவர், மறுநாள் முதலில் வருகிறவருக்காக ஒரு செம்பை நிரப்பிப் பம்பு மேடையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கமாட்டார்கள், கால் கழுவமாட்டார்கள். நாக்கு வறண்டு செத்தாலும் தொடமாட்டார்கள்.

பழைய வால்வு தோலும் பித்தளையுமானது. ஒருவர் பிடித்துவிட்டு நகர்ந்து அடுத்தவர் குடத்தை வைப்பதற்குள் தண்ணீர் இறங்கிவிடும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுயம்புலிங்கம் ரப்பரில் ஒன்று செய்தார்.

வட்டமாக ஒரு ரப்பர் தட்டு. நடுவில் நாக்கு மாதிரி ஒரு வெட்டு. நாக்கின் முதுகில் கனத்துக்கு ஒரு சின்னப் பித்தளை வில்லை. அவ்வளவுதான். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த யாரும் வெட்டிவிடலாம். அந்த ஊர்ப் பெண்கள் தாங்களே வெட்டித் தாங்களே மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

சில நாள் நன்றாக வேலை செய்தது. பிறகு கசிந்தது.

கழற்றிப் பார்த்தார். நாக்கின் விளிம்பில் சிவப்பு மண்.

ரப்பர் மெத்தென்று இருப்பதால் மண் பதிகிறது என்று கெட்டி ரப்பரில் செய்தார். அது சரியாக மூடவே இல்லை. கனமாகச் செய்தார். இரண்டு அடுக்காகச் செய்தார். மூடுவதற்கு ஒரு ஸ்பிரிங் வைத்தார். அந்த ஸ்பிரிங் வால்வோடு பம்பு அடிக்கக் கைப்பிடியில் தொங்கத்தான் வேண்டியிருந்தது. மண் கீழேயிருந்து வருகிறது என்று குழாயின் அடியில் சல்லடை கட்டினார். தண்ணீர் நூல் மாதிரி வந்தது.

சல்லடையைத் தூக்கிப் பார்த்தால் அது சுத்தமாக இருந்தது. ரப்பரில் மட்டும் மண்.

இது என்ன மாயம் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

ஆடி பிறந்துவிட்டது. முன்பே அடித்துக்கொண்டிருந்த காற்று இப்போது தேரியையே தூக்கிக்கொண்டு வந்து ஊர்மேல் போட்டது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். மூடாமல் வைத்த சோற்றைத் தின்ன முடியாது.

சுயம்புலிங்கத்துக்கு ஒரு பயம் மட்டும் குறையவில்லை. ஊரார் முன்னால் தன் வால்வு தண்ணீர் தராமல் போய்விட்டால்? அதனால் பொழுது விடியும் முன்பே எழுந்து போய், மேடையில் இருக்கிற செம்புத் தண்ணீரை அவரே பம்பில் கவிழ்த்துவிடுவார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டார். முதல் ஆள் வந்து கைப்பிடியைத் தொடும்போது பம்பு தயாராக இருக்கும். புது வால்வு போட்ட முதல் நாளிலிருந்து இதுதான் அவருக்குக் காலை பூஜை.

கீரைக் காம்புகளைச் சாமியார் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தபோது செல்லக்கனி படியேறி வந்தாள். கல்விளையில் எல்லாருக்கும் சேர்த்துப் பேசுகிற வாய் அவளுடையது.

"அண்ணாச்சி இங்கனதான் இருக்கீயளா? நல்லதாப் போச்சு. சாமி முன்னாலயே சொல்லிருதேன். இன்னைக்கும் மத்தியானத்தோட பம்பு படுத்துட்டு."

"பாக்கேன்மா."

"எத்தன நாளாப் பாக்கீய? நாள மறுநாள் கோயில் கொடை. அம்மன் கோயிலுக்கு ஊரு ஒறவெல்லாம் வரும். பொங்கலுக்குத் தண்ணி வேணும். என் மருமவ வாயும் வயிறுமா இருக்கா, அவளக் குடத்தோட தேரிக்குள்ள அனுப்பவா?"

செல்லக்கனி மூச்சு விடாமல் தொடர்ந்தாள்.

"நேத்து அவ மணல்ல சறுக்கி விழுந்தா அண்ணாச்சி. குடம் போச்சு. நல்லவேள, குடத்தோட போச்சு. நாளக் காலையில தண்ணி வரலன்னா, நாங்க பழைய தோலையே போட்டுக்கிடுதோம். நீங்க செஞ்சதெல்லாம் போதும். கோவப்பட்டுச் சொல்லல. எங்களால முடியல."

அவள் சாமியாரைக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

சுயம்புலிங்கம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். அந்தப் பெண் விழுந்தது அவருக்குத் தெரியாது.

"கேட்டீயளா சாமி?"

"கேட்டேன்."

"இன்னும் ஒரு யோசன இருக்கு. நாக்குக்கு ஓரமா ஒரு வளையம் வச்சு, அதுக்கு மேல இன்னொரு ரப்பர் போட்டு, நாலு போல்ட்டு முறுக்குனா..."

"மொதல்ல ஒன்னு செஞ்சீரே. ஒத்த நாக்கு. அது எங்க?"

"அது கெடக்கு பெட்டிக்குள்ள."

"கிழிஞ்சு போச்சா?"

"கிழியல."

"அப்பம் அதையே போடும்."

"அதுதான் மொதல்ல கசிஞ்சது சாமி!"

"அதுக்கப்புறம் போட்டது எது கசியல?"



சாமியாருக்கு வால்வைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், ஒரு மண்ணும் தெரியாது. அதைச் சுயம்புலிங்கம் மனதுக்குள் நன்றாகவே திட்டிச் சொல்லிக்கொண்டார். ஆனால் வளையம் வார்க்கவும் போல்ட் தேடவும் இனி நேரம் இல்லை. வேறு வழியும் இல்லை.

அன்று சாயங்காலம் பம்பைக் கழற்றினார். உள்ளே எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தார். சல்லடையை அவிழ்த்து எறிந்தார். பழைய ஒற்றை நாக்கைத் துணியால் துடைத்து மாட்டி முறுக்கினார். மடத்துக்குள் மூடி வைத்திருந்த பானைத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி அடித்தார். தண்ணீர் கொட்டியது. பெண்கள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். யாரும் அவரைப் பாராட்டவில்லை. முதல் நாள் கொட்டும் என்பது ஊருக்கே தெரியும்.

கடைசியாக வந்த செல்லக்கனி வழக்கப்படி செம்பை நிரப்பி மேடையில் வைத்துவிட்டுப் போனாள்.

காற்று ஓயவே இல்லை. சுயம்புலிங்கம் புரண்டு படுத்தார். உள்ளே தண்ணீர் இறங்குகிறதோ, இறங்கியிருக்குமோ, எதுவரைக்கும் இறங்கியிருக்கும் என்று அதே நினைப்பு. எழுந்து போய்க் குழாயில் காதை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காதது இன்னும் பயமாக இருந்தது.

கிழக்கே வெளுக்கத் தொடங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்புக்கு ஓடினார்.

அங்கே மேடைமேல் சாமியார் உட்கார்ந்திருந்தார்.

செம்பு அவர் மடியில் இருந்தது.

"சாமி, நீங்க எங்க இங்க?"

"காத்து வாங்க வந்தேன்."

"செம்பக் குடுங்க."

"எதுக்கு?"

"பம்புக்குத் தண்ணி காட்டணும்லா."

"பம்பு கேட்டுதா?"

"வெளையாடாதீங்க சாமி. இப்பம் ஆள் வந்துரும். குடுங்க."

கையை நீட்டினார். சாமியார் செம்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மிட்டாயைப் பிடுங்க வந்த அண்ணனைப் பார்க்கிற சின்னப்பயல் மாதிரி பார்த்தார்.

"தர மாட்டேன்."

"சாமி, உங்களக் கும்பிட்டுக் கேக்கேன். இன்னைக்கு வரலன்னா எல்லாம் போச்சு. அந்தப் பிள்ள மறுபடியும் தேரிக்குள்ள போவணும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிச் செய்யுதிய?"

சாமியார் செம்பை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

சுயம்புலிங்கம் செம்பைப் பிடித்து இழுத்தே விட்டார். குருவின் மடியிலிருந்து ஒரு சீடன் செம்பைப் பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டு செல்லக்கனி இரண்டு குடங்களோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள்.

கை தானாக விட்டது.

"என்ன அண்ணாச்சி, தண்ணி ஊத்தியாச்சா?"

"இல்லம்மா."

"ஊத்தாம எப்படி அடிக்க?"

சாமியார் பம்பைப் பார்த்தார். சுயம்புலிங்கமும் பார்த்தார். கைப்பிடி அவருக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கை போகவில்லை. அத்தனை வால்வு செய்திருக்கிறார். ஒரு நாள் காலையில்கூட அந்தக் கைப்பிடியை அவர் ஊற்றாமல் தொட்டதில்லை.

"அடியும்," என்றார் சாமியார்.

"என்னால முடியாது சாமி."

"தள்ளுங்க அண்ணாச்சி," என்றாள் செல்லக்கனி. "வாரது வரட்டும். எனக்கு உலை வைக்கணும்."

குடத்தை வைத்தாள். முந்தானையைச் செருகினாள். கைப்பிடியைத் தூக்கி ஒரே அடி அடித்தாள்.

சுயம்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

குடத்துக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். அவள் இரண்டாவது அடி அடித்துக்கொண்டிருந்தாள். குழாய் வாய் நிறையத் தண்ணீர். குடம் நிறைந்தது. அடுத்த குடம் வந்தது. யாரோ சிரித்தார்கள். செல்லக்கனி அடிப்பதை நிறுத்தவே இல்லை.

"ராத்திரி பூரா நின்னிருக்கு," என்றார் சுயம்புலிங்கம். "சாமி, நின்னிருக்கு."

"ம்."

"அப்பம் இத்தன நாளும்?"

சாமியார் மடியில் இருந்த செம்பை எடுத்து நீட்டினார்.

"இந்தாரும். குடியும்."

"பம்புக்கு வச்ச தண்ணி சாமி. யாரும் குடிக்கக் கூடாது."

"பம்புக்கு வேண்டாமாம். நீரு குடியும்."

பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுயம்புலிங்கத்துக்கு உண்மையிலேயே தாகமாகத்தான் இருந்தது. செம்பை வாங்கினார். அண்ணாந்து குடித்தார். தண்ணீர் ஜில்லென்று இறங்கியது. பாதி குடித்து நிறுத்தினார்.

"முழுசும்," என்றார் சாமியார்.

செம்பைக் கவிழ்த்துக் கடைசி வரை குடித்தார்.

அடித்தண்ணீர் வாய்க்குள் வந்ததும் பல்லில் ஏதோ நறநறவென்று கடிபட்டது.

அவர் விழுங்கவில்லை. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார்.

சிவப்பு மண்.

கையைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். ஒவ்வொரு விடியலிலும் தான் அதைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்த பம்பின் வாயைப் பார்த்தார்.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. காற்று அடித்துக்கொண்டிருந்தது.

சாமியார் மேடையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

சுயம்புலிங்கம் உட்கார்ந்தார்.