எட்டிப் பார்க்காத பகல்

கல்லும் கம்பியும் கணக்குப் போட்டது போதாதென்று, அணுவும் கணக்குப் போடக் கற்றுக்கொண்ட காலத்திலே, கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த ஓர் ஊரிலே, சற்குணம் என்று ஒருவர் இருந்தார். மென்பொருள் எழுதுவது அவர் தொழில். தலை நரைக்கும்வரை அதைத்தான் செய்திருந்தார்.

அதே ஊரில் சுலைகா என்று ஒரு விஞ்ஞானி. சற்குணத்தைவிட வயதில் சின்னவர். குவாண்டம் கணினி ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. பனிமலையைவிடக் குளிர்ந்த ஓர் உருளைக்குள் அது தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலை சற்குணம் அங்கே வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"மேடம், உங்க மெஷின் பொய் சொல்லுது."

"அப்படியா? என்ன சொல்லிச்சு?"

"ரத்த வங்கி வண்டி எந்த வழியா போனா சீக்கிரம் போகும்னு கேட்டோம். சின்னக் கணக்குதான், விடை எங்களுக்கே தெரியும். முதல்ல ஒரு வழி சொல்லிச்சு. திரும்பக் கேட்டா வேற வழி. எங்க டெஸ்டர் இன்பவல்லி, தேறலைன்னு சிவப்புப் புள்ளி வெச்சுட்டா."

"அந்தப் பொண்ணைக் குறை சொல்ல முடியாது."

"நாளைக்கு மீட்டிங். அறிக்கையை அவதான் எழுதிட்டிருக்கா. இது தேறலைன்னா ப்ராஜெக்டை மூடிடுவாங்க. என் டீமை ஆளுக்கொரு பக்கமா பிரிச்சுப் போட்டுடுவாங்க. எல்லாரும் என்னை நம்பி வந்தவங்க, மேடம்."

சுலைகா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சற்குணம் உட்கார்ந்தார்.

"இந்தக் குவாண்டம் பக்கம் ஏன் யாருமே வரமாட்டேங்கறாங்கன்னு இப்பதான் புரியுது. மெஷின் விலை ஒரு பக்கம். குளிர் ஒரு பக்கம். லேசா அசைஞ்சாலே பிழை. வேலை தெரிஞ்ச ஆளும் கிடைக்கறதில்லை. இதுல எது பெரிய தடை, நீங்களே சொல்லுங்க."

"ப்ரோகிராமைக் காட்டுங்க."

காட்டினார். சுலைகா மேலிருந்து கீழே படித்தார். சிரித்துவிட்டார்.

"ஒவ்வொரு படியிலயும் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கீங்களே, எதுக்கு சார்?"

"உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியணும்ல? எங்க ஆளுங்க பழக்கம் அது. ஒரு வரி எழுதினா, ஒரு தடவை எட்டிப் பார்த்துடுவோம்."

"இங்கே நடுவுல பார்த்தா கணக்கே கலைஞ்சிடும்."

"படிச்சிருக்கேன் மேடம். கை கேட்கமாட்டேங்குது. பார்க்காம எப்படி நம்பறது?"

சுலைகா எதிர் மேசையைக் காட்டினார்.

"இங்கேயே உட்கார்ந்து மாத்தி எழுதுங்க."

சற்குணம் தொடங்கினார். போன் அடித்தது. அவருடைய மேலாளர்.

"எந்த அளவுல இருக்கு சற்குணம்?"

"இப்பதான் சார் ஆரம்பிச்சேன்."

வைத்தார். விட்ட இடம் மறந்து போயிருந்தது. முதலிலிருந்து தொடங்கினார்.

மறுபடி போன்.

"இப்ப எந்த அளவுல இருக்கு?"

சுலைகா எழுந்து வந்து கையை நீட்டினார். சற்குணம் போனைக் கொடுத்தார். வாசலில் இருந்த பெட்டிக்குள் அதை வைத்துப் பூட்டிவிட்டு, சுலைகா தன் வேலைக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் இல்லை.

டீ வந்தது. சுலைகா அதை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. அதையும் அப்படியே.

எட்டிப் பார்க்கும் வரிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தார் சற்குணம். நடுவில் இருந்த கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. தலை நிமிர்ந்து சுலைகாவைப் பார்த்தார்.

சுலைகா தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்குணம் அந்த வரியையும் எடுத்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஓட்டிப் பார்த்தார். திரும்பத் திரும்ப ஓட்டினார். எல்லா விடையும் ஒன்றாக இல்லை. ஆனால் திரையில் வந்த வரைபடத்தில் ஒரே ஒரு வழி மட்டும் கோபுரமாக உயர்ந்தது. மற்றதெல்லாம் தரையோடு தரை.

உயர்ந்து நின்றது, சரியான வழி.

"மேடம்!"

சுலைகா வந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"ஒண்ணு ரெண்டு தடவை கேட்டுட்டு முடிவு பண்ணது எங்க தப்பு," என்றார் சற்குணம். "எந்த வழி அதிகமா வருதுன்னு பார்த்திருக்கணும்."

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"காலையிலேர்ந்து நீங்க எதையுமே கேட்கலை, மேடம். முடிஞ்சுதா, எவ்வளவு ஆச்சு, ஒண்ணுமே. இத்தனை வருஷத்துல யாரும் என்னை இப்படி விட்டதில்லை. எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."

சுலைகா பெட்டியைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தார்.

திரை நிறைய மேலாளரின் அழைப்புகள். அதற்குக் கீழே, இங்கே வருகிற வழியில் சற்குணம் அறிக்கையைப் பற்றி இன்பவல்லிக்கு அனுப்பிய செய்திகளும் அவள் பதிலும்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லை சார்."

"இப்ப?"

சற்குணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இன்பவல்லியை அழைத்தார்.

"சார், இன்னும் கொஞ்சம்தான் சார், இதோ..."

"அதுக்குக் கூப்பிடலைம்மா. விடை வந்துடுச்சு, அனுப்பறேன். சாப்பிட்டியா?"

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றது.

"சார்... உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லா இருக்கேன். இத்தனை நாள் கூட இருந்ததுக்கு ரொம்ப நன்றிம்மா. பொறுமையா முடி. நான் கேட்கமாட்டேன்."

சற்குணம் சுலைகாவைப் பார்த்துக் கை கூப்பினார். சுலைகாவும் கூப்பினார். சற்குணம் போய்விட்டார்.

சுலைகா கணினிக்கு அடுத்த வேலையைக் கொடுத்தார். விளக்கை அணைத்தார். கதவைச் சாத்தினார்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.